காட்டுத் தேனீக்களும் நம் கமத்தொழிலும்

கமத்தொழிலுக்கு வேண்டுவன யாவை என வினவினால் நிலம், நீர், எரு, வித்து என நான்கினையும் எவரும் விரலிட்டு எண்ணிவிடுவர். இந்நான்கும் குறைவற அமைந்த தோட்டத்திலும் சிலவேளை பூசணி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்வதையும், பாகற்காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிக் கோணுவதையும் கமக்காரர் கண்டிருப்பர். எருவிலே குறை காண்போர் உளர். நீரிலே குறை காண்போர் உளர். பூச்சி அரித்ததென மருந்து தெளிப்போரும் உளர். இவை யாவும் காரணமாதல் கூடும். ஆயின் பூச்சி மிகுந்தமையால் மட்டுமன்றிப் பூச்சி குறைந்தமையாலும் விளைவு கெடும் என்பதை நினைப்போர் மிகச் சிலரே.

மலரை நாடிவரும் பூச்சிகளுள் தலைசிறந்தது தேனீ. தேனீ என்றதும் பெட்டியில் வைத்து வளர்க்கப்படும் தேனீயே நம் நினைவுக்கு வருகின்றது. உண்மையில் தேனீ இனங்களுட் பெரும்பாலானவை எவராலும் வளர்க்கப்படாதவை, நாம் எடுத்துண்ணத் தேன் சேர்த்து வையாதவை, பெயர்கூட அறியப்படாதவை. இக்காட்டுத் தேனீக்கள் நம் பயிர்களுக்குச் செய்யும் பணி யாது, அப்பணி குன்றினால் வருங் கேடு யாது, அதனைக் காத்தற்கு நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

மலர் காயாகும் முறை

பூசணியை உதாரணமாகக் கொள்வோம். அதன் கொடியில் ஆண் பூ வேறு. பெண் பூ வேறு. பெண் பூவின் அடியிற் சிறு காய் போன்ற சூலகம் திரண்டிருக்கும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் குறியிற் படிந்ததும், ஒவ்வொரு மகரந்தமணியும் நுண்ணிய குழாய் ஒன்றை உள்நோக்கி வளர்க்கும். அக்குழாய் சூலகத்தை அடைந்து அங்குள்ள சூல்வித்து ஒன்றைக் கருக்கட்டச் செய்யும். கருக்கட்டிய சூல்வித்தே வித்தாகின்றது. வித்துக்கள் வளருங்கால் அவற்றைச் சூழ்ந்த சதையும் உடன் வளரும். ஆதலின் ஒரு காயில் எத்தனை வித்துக்கள் விளையவேண்டுமோ அத்தனை மகரந்தமணிகளேனும் குறியை அடைதல் வேண்டும். அவை குறைந்தாற் காய் சிறுக்கும்; வித்து விளையாத பக்கம் சூம்பும்; மிகக் குறைந்தாற் பிஞ்சு உதிர்ந்துவிடும்.

பூசணியின் மகரந்தம் பருத்தது; ஒட்டுந் தன்மையது; காற்றில் மிதந்து செல்ல வல்லதன்று. பூவோ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்கு முன்னரே கூம்பிவிடும். அச்சில மணி நேரத்துள் ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் இடையே ஒருவர் தூது சென்றாலன்றி அப்பெண் பூ காயாகாது. மறுநாள் என்பது அதற்கில்லை.

எல்லாப் பயிர்களும் இவ்வாறு பூச்சியின் தூதினை வேண்டி நிற்பன அல்ல. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்கும். சோளத்துக்குக் காற்றுப் போதும். நாம் உண்ணும் வாழை கருக்கட்டாமலே காய்க்கும். புடோலின் வெண்ணிறப் பூ மாலையில் விரிந்து இரவில் உலவும் அந்துப்பூச்சிகளை அழைக்கும். இவற்றை நீக்கிப் பார்த்தாலும் எஞ்சுவன பல. உலகின் தலையாய 115 உணவுப் பயிர்களை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகள் சிலர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் 87 பயிர்கள் பிராணிகள் செய்யும் மகரந்தச் சேர்க்கையினாற் சிறிதேனும் பயனடைவன எனக் காட்டினர். நிறையளவில் நோக்கின், உலகத்து விளைவிற் பெரும்பகுதி தானியமாதலின், இப்பிராணிகளின் நேரடிப் பங்கு 5 முதல் 8 வீதம் வரையிலேயே அடங்கும் எனப் பல நாட்டு அரசுகளின் சார்பில் இயங்கும் உயிர்ப்பன்மை ஆய்வு மன்றம் 2016இல் மதிப்பிட்டது. ஆயின் அச்சிறு பங்கினுள்ளே காய்கறியும் பழமும் எண்ணெய் வித்தும் அடங்கியிருத்தலை மறத்தலாகாது. சோறு தேனீயின்றியும் உண்டாம். அச்சோற்றுக்குக் கறி தேனீயின்றி அரிதாகும்.

காட்டுத் தேனீ என்பது யாது?

மலர்நாடும் இச்சிற்றுயிர்களை நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தாரல்லர். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்னுஞ் சொற்கள் சங்க நூல்களிற் பயில்கின்றன. நாமோ தேனீ என்ற ஒரு சொல்லைத் தேன் தருவதற்கே உரியதாக்கி, ஏனையவற்றைப் பெயரின்றி விட்டுவிட்டோம்.

உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உள. இலங்கையில் மட்டும் ஏறத்தாழ 150 இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் மெழுகினால் அடை கட்டித் தேன் சேர்ப்பன மூன்றே. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் பெரிய ஒற்றை அடை கட்டுவது பெருந்தேனீ. செடிக் கொம்பில் உள்ளங்கையளவு சிற்றடை கட்டுவது கொம்புத் தேனீ. பொந்துகளிற் பல அடைகளை அடுக்காகக் கட்டுவது அடுக்குத் தேனீ. பெட்டியில் வளர்க்கப்படுவது இதுவே. இவற்றோடு, சுவர்த் துவாரங்களிலும் மரப்பொந்துகளிலும் மெழுகையும் பிசினையும் குழைத்துக் கூடமைக்கும் கொடுக்கில்லாத சிறுதேனீயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எஞ்சிய இனங்களுட் பெரும்பாலானவை தனித்து வாழ்வன. அவற்றுக்கு அரசியுமில்லை, வேலைக்காரருமில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூட்டை அமைக்கும். தானே மகரந்தந் தேடும். அதனை மலரின் மதுவிற் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையின் வாயிலை அடைத்துவிட்டு, அடுத்த அறையைத் தொடங்கும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு அவ்வுருண்டையையே உண்டு வளரும். தாய் பெரும்பாலும் தன் மக்களைக் காணாமலே மடிந்துவிடும்.

இத்தனித் தேனீக்களின் வீடுகள் பலதிறத்தன. மிகப் பல இனங்கள் வெயில் படும் வெறுநிலத்திற் குழாய் போலத் துளையிட்டு வாழும். சில இனங்கள் உள்ளீடற்ற தண்டுகளிற் குடியேறும். கருவண்டு என நாம் அழைக்கும் தச்சுத் தேனீ, உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் தன் வாயுறுப்பால் வட்டமாகத் துளைத்துக் குடிபுகும். ரோசாச் செடியின் இலையோரத்தில் வில்லை வில்லையாக நறுக்கியெடுத்த அடையாளத்தைக் கண்டு நோயென அஞ்சுவோர் உளர். அது நோயன்று, தன் கூட்டின் அறைகளுக்கு உறை தைப்பதற்காக இலைவெட்டித் தேனீ எடுத்துச் சென்ற துணியே அது.

இவ்விடத்தில் ஓர் அச்சத்தையும் நீக்குதல் வேண்டும். மலையகத்திலே தேயிலைக் கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டியது எனச் செய்தித்தாள்களில் அடிக்கடி வாசிக்கின்றோம். அங்குக் குளவி எனப்படுவன பலவேளைகளிற் பெருந்தேனீக்களே. தேனும் குஞ்சும் நிறைந்த அடையைக் காத்தற்பொருட்டு அவை திரண்டு வந்து கொட்டும். தனித் தேனீக்கு அத்தகைய அடை இல்லை. ஆதலின் அது மனிதரைத் துரத்துவதில்லை. கையாற் பிடித்து நெருக்கினாலன்றிக் கொட்டுவதுமில்லை.

கத்தரிப் பூவும் அதிருந் தேனீயும்

பெட்டித் தேனீ ஒன்றே எல்லாப் பயிர்க்கும் போதுமன்றோ எனச் சிலர் வினவலாம். அதற்குக் கத்தரிப் பூ விடை கூறும்.

பல மலர்களின் மகரந்தக்கூடு நெடுகிலும் வெடித்து மகரந்தத்தை வெளியே சிந்தும். கத்தரிப் பூவின் மகரந்தக்கூடோ அவ்வாறு வெடிப்பதில்லை. அதன் நுனியில் ஊசித் துளை போன்ற சிறு வாயில்களே உள. மகரந்தம் உப்புக் குப்பியிலுள்ள உப்பைப்போல உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அப்பூவில் மதுவுமில்லை. எனவே மதுவை நாடிவரும் பூச்சிக்கு அங்கு அலுவலில்லை; மகரந்தத்தை நாடிவருவதற்கோ அதனை வெளிப்படுத்தும் உபாயம் தெரிந்திருத்தல் வேண்டும்.

அவ்வுபாயத்தைச் சில காட்டுத் தேனீக்கள் நன்கு அறியும். அவை பூவிலே தொங்கி, மகரந்தக்கூடுகளை வாயினாலும் கால்களினாலும் இறுகப் பற்றி, சிறகுகளை விரியாது மடித்துக்கொண்டு, பறத்தற்குரிய மார்புத் தசைகளை மட்டும் விநாடிக்குச் சில நூறு முறை அதிரச் செய்யும். அவ்வதிர்வு மகரந்தக்கூட்டிற் பரவ, மகரந்தம் நுனித் துளைகளினூடாகப் புகைபோற் பீறிட்டுத் தேனீயின் உடலிற் படியும். அவ்வேளையில் எழும் ஒலி பறக்கும்போது எழும் ரீங்காரத்தினும் உச்சமாக இருக்கும். காலையிற் கத்தரித் தோட்டத்தில் அமைதியாக நிற்போர் இவ்வொலி மாற்றத்தைக் காதாலேயே அறிந்துகொள்ளலாம். பௌதிக ஆய்வுகூடத்து இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதன் காம்பை விரிந்த கத்தரிப் பூவிற் பொருத்தினால் மகரந்தம் உதிர்வதை மாணவர் தம் கண்ணாலே காணலாம்.

இவ்வித்தை பெட்டித் தேனீக்கு வாராது. இலங்கையிலே தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டைகள் தரித்த நீலவரித் தேனீயும், நிலத்தில் வாழும் வேறு சில இனங்களும் இதனைச் செய்வன. காற்று அசைப்பதனாலும் கத்தரி ஓரளவு காய்க்கும் என்பது உண்மையே. ஆயினும் அதிருந் தேனீ வந்து சென்ற பூவிலே காய் பிடித்தலும் வித்து நிறைதலும் மிகும்.

காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் தக்காளி வளர்க்கும் ஐரோப்பிய நாடுகள் இவ்வுண்மையைப் பணங் கொடுத்துக் கற்றன. ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஆட்களை அமர்த்தி, அதிருங் கருவியினாற் பூங்கொத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தனர். 1987ஆம் ஆண்டளவில் உரோமம் நிறைந்த பெருவண்டுத் தேனீக்களைக் கூடுகளில் வளர்த்து விற்கத் தொடங்கியபின் அவ்வேலையைத் தேனீக்களே ஏற்றுக்கொண்டன. காட்டுத் தேனீயின் உழைப்புக்கு இவ்வளவு விலை உண்டென்பது, அதனை விலைக்கு வாங்கும் நிலை வந்தபின்னரே உலகுக்கு விளங்கிற்று.

கொடித்தோடையின் நிலையும் இத்தகையதே. அதன் பூவிலே மகரந்தக்கூடுகளும் குறிகளும் உயரத்தில் தொங்க, மது அடியில் நிற்கின்றது. சிறிய தேனீ அவற்றைத் தீண்டாமலே மதுவைப் பருகிச் சென்றுவிடும். மகரந்தத்தையும் வாரிச் செல்லும். தச்சுத் தேனீ ஒன்றே மதுவைக் குடிக்கக் குனியுங்கால் தன் அகன்ற முதுகினால் அவ்விரண்டையும் உராய்ந்து செல்லத்தக்க பருமனுடையது. மஞ்சட் கொடித்தோடை தன் மகரந்தத்தைத் தானே ஏலாதாதலின், தச்சுத் தேனீ இல்லாத தோட்டத்தில் ஆட்கள் பூப்பூவாகக் கையினாற் சேர்க்கை செய்கின்றனர். பிறேசில் நாட்டுக் கமக்காரருட் சிலர் இத்தேனீ குடியேறுவதற்கென்றே தோட்டத்தில் மரக்குற்றிகளை இட்டு வைப்பதுண்டு.

தேனீயைப் பிரிந்த பயிர்கள்

பயிரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்றோர் அதன் தேனீயை உடன் கொண்டுசெல்ல மறந்தனர். அதனால் விளைந்தவற்றை வரலாறு குறித்து வைத்துள்ளது.

வனிலாக் கொடியின் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த நாடுகளுமாம். ஐரோப்பியர் அதனைப் பிற வெப்ப நாடுகளில் நட்டனர். கொடி செழித்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. 1841ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்து றியூனியன் தீவிலே எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவின் உள்ளே குறியை மறைத்து நிற்கும் மெல்லிய மடலைச் சிறு குச்சியால் நிமிர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் அழுத்திவிடும் எளிய முறையைக் கண்டான். இன்றும் உலக வனிலாவில் ஏறக்குறைய முழுவதும் அம்முறையிலேயே, பூ ஒவ்வொன்றாக, கையினாற் சேர்க்கை செய்யப்படுகின்றது. வனிலாவின் விலையுயர்வுக்கு அக்கைவேலையும் ஒரு காரணம்.

நியூசிலாந்திற் குடியேறியோர் தம் கால்நடைக்கெனச் செந்நிறப் பூவுடைய மூவிலைத் தீவனச்செடியைப் பயிரிட்டனர். நீண்ட குழாயுடைய அதன் பூவுக்கு நீண்ட நாவுடைய பெருவண்டுத் தேனீ வேண்டும். அத்தேனீ அந்நாட்டில் இல்லாமையால் வித்து நன்கு விளையாது, இங்கிலாந்திலிருந்து மீண்டும் மீண்டும் வித்துத் தருவிக்க நேர்ந்தது. இச்செடிக்கும் அத்தேனீக்கும் உள்ள உறவை டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். 1885ஆம் ஆண்டில் அத்தேனீக்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அங்குக் குடியேறின. அதன்பின் அந்நாட்டிலேயே வித்து விளைந்தது.

மூன்றாவது உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தது. குதிரைமசால் என்னுந் தீவனப் பயிரின் பூவிலே வில்லைப்போல் மடங்கியிருக்கும் கேசரத் தண்டு, பூச்சி அமர்ந்ததும் விடுபட்டு அதன் தலையில் அறையும். பெட்டித் தேனீ சிலமுறை அறைபட்டபின் பூவின் பக்கத்தால் நாவை நுழைத்து மதுவைத் திருடப் பழகிவிடும், சேர்க்கை நிகழாது. உவர்நிலத்தில் வாழும் காட்டுத் தேனீ ஒன்று அவ்வறைக்கு அஞ்சுவதில்லை. அதனை உணர்ந்த அப்பகுதிக் கமக்காரர் தம் நல்ல நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, உப்பிட்டு, அடியில் நீர் பாய்ச்சி, அத்தேனீ துளையிட்டு வாழ்வதற்குரிய படுக்கைகளாகப் பேணி வருகின்றனர். பயிருக்கு நீர் பாய்ச்சுவோரை நாம் அறிவோம். தேனீக்கு நீர் பாய்ச்சுவோர் அவரே.

பன்மையின் பயன்

இவையெல்லாம் தனிப்பட்ட சில பயிர்களின் கதைகள் எனக் கருதற்க. உலகின் பல பாகங்களிலுமுள்ள 41 பயிர் அமைப்புக்களில் திரட்டிய தரவுகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்த முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலருக்கு வரும் வரவு ஒரே அளவில் உயருமிடத்து, காட்டுப் பூச்சிகளின் வரவு காய் பிடித்தலை வளர்ப்புத் தேனீயின் வரவிலும் இருமடங்கு மிகுவித்தது. வளர்ப்புத் தேனீக்கள் நிறைந்த இடத்திலும் காட்டுப் பூச்சிகளின் பணி வேண்டியதாகவே இருந்தது. பெட்டித் தேனீ காட்டுத் தேனீயின் வேலைக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது என்பதே அதன் சாரம்.

இதற்குக் காரணங் காண்டல் அரிதன்று. ஓரினம் விடியலில் உழைக்கும். ஓரினம் வெயிலேறியபின் உழைக்கும். ஒன்று மரத்தின் உச்சியை நாடும். ஒன்று தாழ்ந்த கிளையை நாடும். ஓராண்டில் நோயாலோ வரட்சியாலோ ஓரினம் குன்றினால் மற்றோரினம் அவ்விடத்தை நிரப்பும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிற் கோப்பித் தோட்டங்களை ஆராய்ந்தோர் 2003இல் வெளியிட்ட முடிவும் இதற்குச் சான்றாகும். மூன்று தேனீ இனங்கள் மட்டும் வந்த தோட்டத்திற் பூக்களுள் ஏறத்தாழ 60 வீதமே காயாகின. இருபது இனங்கள் வந்த தோட்டத்தில் அது 90 வீதமாக உயர்ந்தது.

அத்தேனீக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு மத்திய அமெரிக்காவின் கொஸ்ரா ரிக்கா நாட்டில் நிகழ்ந்த ஆய்வு விடை தந்தது. அங்கு ஒரு கோப்பித் தோட்டத்திலே காட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்துள் நின்ற செடிகள் தொலைவில் நின்றவற்றிலும் 20 வீதம் கூடுதலாக விளைந்தன. வடிவு கெட்ட கொட்டைகளும் குறைந்தன. அயலிலிருந்த இரண்டு சிறு காட்டுத் துண்டுகள் தம் தேனீக்களால் அவ்வொரு தோட்டத்துக்கு மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 டொலர் ஈட்டிக் கொடுத்தன என 2004இல் மதிப்பிட்டனர். பயனற்ற காடெனக் கருதப்பட்ட நிலம் தோட்டத்தின் விளைவிற் பங்காளியாக இருந்தமை இதனால் வெளிப்பட்டது.

கேடு வரும் வழிகள்

தனித் தேனீ ஒன்று தன் வாழ்நாளிற் கட்டும் அறைகள் சிலவே. பெட்டித் தேனீக் கூட்டத்தில் ஆயிரம் வேலைக்காரர் மடிந்தாலும் அரசி மீண்டும் ஈனும். தனித் தேனீ மடிந்தால் அதன் குடியே முடிந்தது. மேலும் சிறிய இனங்கள் தம் கூட்டிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்துக்கு அப்பால் இரை தேடுவதில்லை. ஆதலின் உறைவிடமும் மலரும் அருகருகே அமைந்தாலன்றி அவை வாழமாட்டா.

இவற்றுக்கு முதற்பகை காலமறியாது தெளிக்கும் பூச்சிமருந்து. பூ விரிந்திருக்கும் காலை வேளையில் தெளிக்கும் மருந்து, காயைத் துளைக்கும் புழுவோடு காயைத் தந்த தேனீயையும் கொல்லும். மண்ணில் இடும் மருந்தும் தீங்கற்றதன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பூசணிப் பூவையே நம்பி நிலத்தில் வாழும் தேனீயை ஆராய்ந்தோர், நடுகையின்போது ஒருவகை மருந்து மண்ணில் இடப்பட்ட நிலத்திற் கூடுகள் 85 வீதம் குறைந்தன என 2021இல் அறிவித்தனர். அவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்த வயலிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தடை செய்தது.

இரண்டாம் பகை நம் தூய்மை வேட்கை. பட்ட கொம்பைத் தறித்து எரிக்கின்றோம். வரம்பிற் பூத்த தும்பையைக் களையென்று செருக்குகின்றோம். வெறுநிலத்தைச் சீமெந்தினால் மூடுகின்றோம். யாழ்ப்பாணத்திலே பூவரசும் கிளுவையும் முருங்கையும் நிரையாக நின்ற உயிர்வேலிகள் பல இன்று மதில்களாகிவிட்டன. வேலி போனபோது அதன் பூவும் போயிற்று. அதன் பட்ட கதியாலிலே துளையிட்டு வாழ்ந்த தச்சுத் தேனீயின் வீடும் போயிற்று.

இப்போக்கின் முடிவிடம் யாதென்பதைச் சீனத்துச் சிச்சுவான் மாகாணம் காட்டுகின்றது. அங்குள்ள பெயார்ஸ் பழத் தோட்டங்களில் மனிதர் மரத்திலேறி, கோலின் நுனியிற் கட்டிய இறகினால் மகரந்தத்தைப் பூப்பூவாகத் தொட்டு வைக்கின்றனர். மருந்து மிகுந்து தேனீ அருகியமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. கூலி மலிந்த நாட்டில் இது சிலகாலம் நடைபெறலாம். கூலி உயருமிடத்து என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கன

காட்டுத் தேனீயைப் பேணுதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. சில செயல்களைச் செய்யாதிருத்தலே பெரும்பாலும் போதுமானது.

தோட்டத்தின் ஓரத்தில் வெயில் படும் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமலும் மூடாமலும் விடுக. பட்ட மரக்குற்றி ஒன்றிரண்டை வேலியோரத்தில் நிற்கவிடுக. மூங்கிற் குழல்களையும் உள்ளீடற்ற தண்டுகளையும் ஒருசாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத தாழ்வாரத்தில் தொங்கவிடுக. துளசி, தும்பை, எள்ளு, சூரியகாந்தி, முருங்கை என ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டு முழுவதும் ஏதேனும் பூத்திருக்குமாறு வைக்க; பயிர் பூவாத மாதங்களிலும் தேனீக்கு உணவு வேண்டுமன்றோ? மருந்து தெளித்தே தீரவேண்டுமாயின் பூக்காலத்தைத் தவிர்க்க. அதுவும் இயலாதாயிற் பூக்கள் கூம்பியபின் மாலை வேளையில், வேண்டிய அளவுக்கு மேற்படாது தெளிக்க.

மாணவர்க்கு ஒரு சோதனை

தம் தோட்டத்திலே தேனீ போதுமா என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. பூசணி அல்லது பாகற் கொடியில் மறுநாள் விரியவிருக்கும் பெண் பூக்கள் முப்பதைத் தெரிந்து நூல் கட்டி அடையாளமிடுக. முதற் பத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, பூ வாடும்வரை விடுக. இரண்டாம் பத்தைத் திறந்தபடி விட்டுத் தேனீக்கு ஒப்படைக்க. மூன்றாம் பத்தையுந் திறந்தபடி விட்டு, அன்று காலையில் விரிந்த ஆண் பூவின் மகரந்தத்தைக் கையாலுந் தடவிவிடுக. பின்னர் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை காயாகின, அவற்றின் நிறை யாது, வித்து எத்தனை என்பவற்றைக் குறித்து ஒப்பிடுக.

மூடிய பூக்கள் காயாகாமை, பூச்சியின்றி அப்பயிர் இல்லை என்பதைக் காட்டும். திறந்த பூவும் கையால் தடவிய பூவும் ஒத்த விளைவு தருமாயின் அத்தோட்டத்திலே தேனீ போதிய அளவு உண்டு. கையால் தடவியது மிகுதியாக விளையுமாயின், எருவினாலோ நீரினாலோ தீராத குறை ஒன்று அங்குண்டு என அறிக. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே தேனீயின்மையால் அக்கமக்காரர் ஆண்டுதோறும் இழக்கும் விளைவு.

அதனுடன், விடிந்ததிலிருந்து ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, வரும் பூச்சிகள் யாவை, எத்தனை எனவும் எழுதிவருக. அவற்றின் விஞ்ஞானப் பெயர் தெரியாதாயினும் அளவு, நிறம், பட்டை, ஒலி ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தலாம். இக்குறிப்புக்களை ஓராண்டு மட்டுமன்றி ஆண்டுக்காண்டு வகுப்புக்கு வகுப்புக் கையளித்து வருவதாயின், நம் ஊரிலே எவ்வினம் பெருகுகின்றது, எவ்வினம் அருகுகின்றது என்பதை அறிவதற்கு வேறெங்குங் கிடையாத ஏடொன்று கல்லூரியிலே உருவாகும்.

அதற்கு வேண்டிய இடத்தை அளித்தல் பழைய மாணவர் கடன். தோட்டமும் வளவும் உடையோர் தம் வேலியோரத்தில் நான்கு முழ நிலத்தைக் கொத்தாது விடுவாராயின், தேனீ குடியேறுவதற்கும் இளைய மாணவர் வந்து நின்று எண்ணுவதற்கும் அதுவே போதும். அடுத்த பூசணிப் பூக்காலத்திலேயே அக்கணக்கைத் தொடங்கலாம்.